7:31க்கு உதிக்காத சூரியன்: மான்யுமென்ட் வேலியில் ஒரு நிகழ்வு ஆய்வு

2024 அக்டோபர் 18, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவில் அரிசோனா, யூட்டா மாநிலங்களின் எல்லையில் இருக்கும் மான்யுமென்ட் வேலியின் விருந்தினர் மையத்துக்கு முன்னால் காரை நிறுத்தியபோது என் கடிகாரத்தில் மணி 6:57. நான் குறித்து வைத்திருந்தபடி சூரியன் 7:31க்கு உதிக்க வேண்டும். கணக்குப்படி எங்களுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் இருந்தது. ஆனால் வாகன நிறுத்துமிடத்தில் மூன்று பேர் கேமரா முக்காலிகளை மடக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் காரின் முன்பக்கத்தில் சாய்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்த மனிதரின் நிதானம் அவரிடம் தெரிந்தது. எதிரே பாறைக் குன்றுகள் கறுப்பு நிழலுருவம் கலைந்து, முழுச் சிவப்பில் நின்றன. சூரியன் கண்ணைக் கூசும் அளவுக்கு மேலே ஏறியிருந்தது.

பீனிக்ஸ் நகரிலிருந்து இதற்காகவே இரண்டு நாள் பயணம் செய்து வந்திருந்தோம். நாங்கள் தூங்கிப்போகவில்லை, வழி தவறவில்லை, டயர் வெடிக்கவில்லை. நாலரைக்கு அலாரம் வைத்து நாலேகாலுக்கே எழுந்துவிட்டோம். அப்படியிருந்தும் 26 நிமிடம் தாமதம். இந்த 26 நிமிடத்தை வீட்டுக்கு வந்த பிறகு உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். அலட்சியத்தால் வந்த பிழையாக இருந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். இது ஜாக்கிரதையால் வந்த பிழை.

ஆட்களும் இடமும்

நான், மனைவி, பதினோரு வயது மகன், தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த அம்மா. பீனிக்ஸில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். அரிசோனாக்காரர்களுக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு: நாங்கள் கடிகாரத்தைத் திருப்பமாட்டோம். அமெரிக்காவின் பெரும்பகுதி மார்ச் மாத இரண்டாம் ஞாயிறு அதிகாலை 2 மணிக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும். நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுக்கும். 2007 முதல் இந்தத் தேதிகள்தான். பகலொளி சேமிப்பு நேரம் என்பது இதன் முழுப்பெயர். கோடை நேரம் என்றால் போதும். 1966இல் வந்த சீரான நேரச் சட்டம், ஒரு மாநிலம் மொத்தமாக விரும்பினால் இதிலிருந்து விலகிக்கொள்ளலாம் என்று இடம் கொடுத்தது. அரிசோனா 1967இல் ஒரு கோடை முழுக்கக் கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, 1968இல் வேண்டாம் என்று விலகிக்கொண்டது. காரணம் வெயில். 43 டிகிரி கொதிக்கும் ஊரில் சாயங்கால வெயிலை இன்னும் ஒரு மணி நேரம் நீட்டித்து என்ன சேமிக்கப் போகிறார்கள்? சூரியன் எப்போது போய்த் தொலையும் என்றுதான் பீனிக்ஸில் காத்திருப்பார்கள்.

நாங்கள் திருப்பாவிட்டாலும் மற்றவர்கள் திருப்புகிறார்கள் என்பதால் வருடத்துக்கு இரண்டு முறை எங்கள் அலுவலகக் கூட்டங்களெல்லாம் ஒரு மணி நேரம் நகரும். ஆக இந்த விவகாரம் எனக்குப் புதிதல்ல. பழக்கமான விவகாரம்தான் காலை வாரியது.

இனி வரைபடம். அரிசோனாவின் வடகிழக்கு மூலை, அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோ மக்களின் தன்னாட்சி நிலம். மான்யுமென்ட் வேலியும் இதற்குள்தான் இருக்கிறது. ஏறக்குறைய 27,000 சதுர மைல்; அரிசோனா, யூட்டா, நியூ மெக்சிகோ என்று மூன்று மாநிலங்களில் பரந்து கிடக்கிறது. மற்ற இரு மாநிலங்களும் கடிகாரத்தைத் திருப்புகின்றன. ஒரே நிர்வாகத்துக்குள் இரண்டு நேரம் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடமும் அலுவலகமும் நடத்த முடியாது என்பதால், அரிசோனாவுக்குள் இருக்கும் பகுதியையும் சேர்த்து நவஹோ நிலம் முழுக்கக் கோடை நேரத்தைக் கடைப்பிடிக்கிறார்கள். அந்த நிலத்தால் நான்கு புறமும் சூழப்பட்டிருப்பது ஹோப்பி என்ற இன்னொரு பழங்குடி மக்களின் நிலம். அவர்கள் அரிசோனாவைப் போலக் கடிகாரத்தைத் தொடுவதில்லை. மெதுவடை மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்: வடை ஒரு நேரம், நடுவில் உள்ள துளை ஒரு நேரம், வடை கிடக்கும் தட்டு மறுபடி துளையின் நேரம். டூபா சிட்டி என்ற நவஹோ ஊரும் மோயன்கோப்பி என்ற ஹோப்பி கிராமமும் அக்கம்பக்கம். கோடையில் இரண்டுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம்.

நாங்கள் முதல் இரவு தங்கிய பேஜ் என்ற ஊர் இன்னொரு விசித்திரம். கிளென் கேன்யன் அணை கட்ட வந்த தொழிலாளர்களுக்காக 1957இல் உருவான ஊர் அது. அந்த இடம் நவஹோக்களுடையதாக இருந்தது. யூட்டாவில் வேறு நிலம் கொடுத்து அரசாங்கம் மாற்றிக்கொண்டது. ஆகவே நவஹோ நிலத்தை ஒட்டியே இருந்தாலும் பேஜ் நவஹோ ஊர் அல்ல. அங்கே அரிசோனா நேரம். ஊரைத் தாண்டித் தென்கிழக்கே சில நிமிடம் காரை ஓட்டினால் நேரம் மாறிவிடும். இருட்டில் போன எங்கள் கண்ணில் அதைச் சொல்லும் பலகை எதுவும் படவில்லை.

வருடத்தில் எட்டு மாதம்தான் இந்தக் கூத்து. நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் வரை பேஜ், நவஹோ, ஹோப்பி, யூட்டா எல்லாம் ஒரே நேரம். நாங்கள் 16 நாள் கழித்துப் போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

முதல் நாள்: ஒரு மணி நேரம் சீக்கிரம்

அக்டோபர் 17 காலையில் பேஜ் அருகே மணற்பாறைப் பிளவுப் பள்ளத்தாக்கு ஒன்றைப் பார்க்க 10:30க்கு முன்பதிவு. பத்து மணிக்கே வந்துவிட வேண்டும் என்று நிபந்தனை. விடுதி அறையில் ரொட்டியில் அம்மாவின் தக்காளித் தொக்கைத் தடவிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கைபேசியைப் பார்த்தேன். 10:05. பாதி ரொட்டியைத் தட்டிலேயே போட்டுவிட்டு ஓடினோம். அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. கவுன்டரில் இருந்த பெண் எங்கள் டிக்கெட்டைப் பார்த்தார், பின்னால் இருந்த சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். 9:15.

“உங்கள் கைபேசி யூட்டா கோபுரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தினமும் நடப்பதுதான்” என்றார்.

யூட்டா எல்லை பேஜிலிருந்து கூப்பிடு தூரம். கைபேசி தானாக நேரத்தை வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டில் இருந்தால், எந்தக் கோபுரத்தின் அலையைப் பிடிக்கிறதோ அந்தக் கோபுரம் சொல்லும் நேரத்தைக் காட்டும். கட்டிலில் கிடக்கும்போது ஒரு நேரம், ஜன்னலோரம் வைத்தால் ஒரு நேரம். அன்று எங்களுக்கு ஒரு மணி நேரம் மிச்சமாகக் கிடைத்தது, அவ்வளவுதான் நஷ்டம். சீக்கிரம் போவது மன்னிக்கக்கூடிய பிழை.

ஆனால் அந்தக் கவுன்டரில் நின்றபடியே இரண்டு காரியம் செய்தேன். மறுநாள் விடிகாலை எங்களைக் கவிழ்த்தவை இவைதான்.

முதலாவது, கைபேசியில் தானியங்கி நேரத்தை அணைத்து, நேர மண்டலத்தைக் கையால் பீனிக்ஸ் என்று நிறுத்தினேன். மனைவியின் கைபேசியையும் வாங்கி அதையே செய்தேன். இனிமேல் ஏமாற மாட்டேன் என்ற வீறாப்பு.

இரண்டாவது, மனதுக்குள் ஒரு பாடம் எழுதிக்கொண்டேன். நாங்கள் பார்க்கப்போன அந்தப் பள்ளத்தாக்கு நவஹோ நிலத்தில்தான் இருக்கிறது. அங்கேயே அரிசோனா நேரம் ஓடுகிறது என்றால், நவஹோ நிலம் கோடை நேரத்தில் இருக்கிறது என்று எப்போதோ கேள்விப்பட்டதெல்லாம் பழைய கதை போலிருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். உண்மை வேறு. பேஜ் பக்கத்துப் பள்ளத்தாக்குகளுக்கு வரும் பயணிகள் பேஜில்தான் தங்குகிறார்கள். அவர்களைக் குழப்பக் கூடாது என்று சுற்றுலா நடத்துபவர்கள் அரிசோனா நேரத்தை வைத்துக்கொள்கிறார்கள். அது ஒரு வியாபார வசதி. விதிவிலக்குக்குள் ஒரு விதிவிலக்கு. அதைப் பிடித்துக்கொண்டு நான் விதியையே தள்ளிவிட்டேன்.

அன்றிரவு மறுநாள் சூரியோதயத்தைத் தேடினேன். மான்யுமென்ட் வேலி, அக்டோபர் 18: காலை 7:31. பக்கத்தில் சின்ன எழுத்தில் மூன்று எழுத்துகள், எம்டிடி. அமெரிக்க நேர மண்டலங்களில் ஒன்றான மலை மண்டலம் என்று மூளை படித்தது. நாமும் மலை மண்டலம்தானே என்று கண் மேலே போய்விட்டது. நடு எழுத்து ‘டி’ என்றால் கோடை நேரம், ‘எஸ்’ என்றால் மாறா நேரம். பீனிக்ஸ் எம்எஸ்டி. அந்த ஒரு எழுத்தின் விலை ஒரு மணி நேரம்.

பேஜிலிருந்து அங்கே ஏறக்குறைய 125 மைல், இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். 4:45க்குக் கிளம்பினால் 6:55க்குப் போய்விடலாம், 36 நிமிடம் கையிருப்பு. கணக்கு கச்சிதம்.

விடிகாலை

4:45க்குக் கிளம்பினோம். பௌர்ணமிக்கு மறுநாள் நிலா பின்னால் மேற்கே இருந்தது. 98ஆம் எண் சாலை, ஆளில்லாத மேட்டு நிலம். இரண்டு பக்கமும் வேலிக்கம்பிகள் நிலா வெளிச்சத்தில் மின்னின. மகன் தூங்கிவிட்டான்.

98ஆம் சாலை முடிந்து 160ஆம் நெடுஞ்சாலையில் திரும்பும் இடம். கார்க் கடிகாரத்தில் 5:50. எதிரே கிழக்கில் ஒரு பட்டை ஆரஞ்சு. அம்மா தன் மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்தார்.

அம்மாவின் கடிகாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவுக்கு வந்து ஒரு மாதம் ஆகியும் அவர் அதை மாற்றவில்லை. அதில் இந்திய நேரம்தான். அக்கா வங்கியிலிருந்து எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவாள், பேத்திக்கு எப்போது பாட்டு வகுப்பு என்பதெல்லாம் அதில்தான் அவருக்குத் தெரியும். இங்குள்ள நேரம் வேண்டுமென்றால் சுவரைப் பார்ப்பார்.

“தம்பி, இன்னும் முக்கால் மணியில் சூரியன் வந்துவிடுவான் போலிருக்கிறதே” என்றார்.

“இல்லை அம்மா, இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரம் இருக்கிறது.”

“நேற்று விடுதி வராந்தாவில் நின்று பார்த்தேன். என் கடிகாரத்தில் ஏழு ஐந்துக்கு வந்தான். இப்போது ஆறு இருபது ஆகிறது.”

“அது இந்திய நேரம் அம்மா. அதை வைத்து இங்கே கணக்குப் போட முடியாது.”

நான் சொன்னவற்றில் இந்தப் பயணத்திலேயே தப்பான வாக்கியம் இதுதான். அதை வைத்து மட்டும்தான் அன்றைக்குக் கணக்குப் போட்டிருக்க முடியும்.

மனைவி முன்கண்ணாடி வழியே வானத்தைப் பார்த்துவிட்டு, “இவ்வளவு வெளிச்சமாக இருக்கிறதே, நிஜமாகவே ஏழரைதானா?” என்று கேட்டாள். நிலா வெளிச்சம் என்றேன். நிலா மேற்கே இருந்தது. வெளிச்சம் கிழக்கே இருந்தது. மனம் ஒன்றை நம்பத் தீர்மானித்துவிட்டால் திசைகூட இடம் கொடுத்துவிடும்.

கயென்டா ஊரைத் தாண்டியபோது 6:25. அங்கிருந்து வடக்கே 163ஆம் சாலை. ஏழு மைல் தொலைவில் சாலையோரம் அகத்லா சிகரம்: பழைய எரிமலையின் கழுத்தில் உறைந்த பாறை, சுற்றியிருந்த மண்ணெல்லாம் அரித்துப்போய் அது மட்டும் கறுப்பாகக் கூர்கூராக நிற்கிறது. அதன் உச்சி திடீரென்று தீப்பிடித்தது போல் சிவந்தது. சிவப்பு மெல்லக் கீழே இறங்கியது. மகன் விழித்துக்கொண்டு, “பாட்டி, சூரியன்!” என்று கத்தினான். கார்க் கடிகாரத்தில் 6:33.

யாரும் பேசவில்லை. அம்மா மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். மணிக்கட்டில் 7:03. தான் சொன்னதற்கு இரண்டு நிமிடம் முன்பாகவே வந்துவிட்டதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. அதை நான் பின்னால்தான் கவனித்தேன்.

மீதி வழியை வேகமாக ஓட்டினேனே தவிர, சூரியனை முந்த முடியாது. அங்கே போய்ச் சேர்ந்தபோது என் 6:57 அவர்களுக்கு 7:57.

எங்கே பிசகியது

ஒரு மணி நேரம் குறைவு என்பது விளைவு. அதன் பின்னால் நான்கைந்து சரியான காரியங்கள் வரிசையாக நின்றன என்பதுதான் இதில் சுவாரசியம். பேஜில் அரிசோனா நேரம்: சரி. கைபேசி ஏமாற்றுகிறது: சரி. அதை நிறுத்தி வைப்பது: பேஜில் இருக்கும்வரை சரி. சூரியோதயம் 7:31: மான்யுமென்ட் வேலியின் கடிகாரத்தில் அதுவும் சரி. கார் ஓட்ட இரண்டு மணி நேரம்: சரி. இந்தச் சரிகளில் இரண்டு வேறு கடிகாரத்தில் எழுதப்பட்டவை. உதயம் ஒரு கடிகாரத்தில், புறப்பாடு இன்னொன்றில். எண்கள் இரண்டும் நாள்காட்டியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் ஒரே குடும்பம் என்று நினைத்துவிட்டேன்.

என்னை அதிகம் உறுத்தியது சரிபார்ப்பு. காரில் ஏறும்போது என் கைபேசி, மனைவியின் கைபேசி, கார்க் கடிகாரம் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். மூன்றும் நிமிடம் பிசகாமல் ஒத்துப்போயின. ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? மூன்றையும் வைத்த கை ஒன்று. மூன்று சாட்சிகள் என்று நான் நினைத்தது ஒரே சாட்சி மூன்று முறை பேசியதைத்தான்.

முந்தைய நாள் செய்த திருத்தமும் இங்கே வருகிறது. தானியங்கி நேரத்தை அணைக்காமல் விட்டிருந்தால், பேஜை விட்டு நவஹோ நிலத்துக்குள் நுழைந்த பிறகு ஏதோ ஒரு கோபுரத்தில் கைபேசி தானாக ஒரு மணி நேரம் முன்னே குதித்திருக்கக்கூடும். 5:50 என்ற இடத்தில் 6:50 என்று காட்டியிருக்கும். அப்போதாவது விழித்திருப்பேன்; நேரத்துக்குப் போயிருக்க மாட்டேன், ஆனால் கயென்டாவில் தேநீருக்கு நிற்கலாமா என்று யோசித்திருக்கவும் மாட்டேன். முதல் நாள் வந்த நோய்க்குச் சாப்பிட்ட மருந்து மறுநாள் நோயாக வந்தது.

அப்படியானால் கைபேசியைத் தானியங்கியாகவே விட்டுவிடலாமா என்றால், அதுவும் பேஜில் காலை வாரும். எல்லையோர ஊர்களில் இரண்டு வழியும் அரைகுறைதான். எந்தக் கடிகாரத்தையும் நம்பாமல் இருப்பதற்கு வேறு துணை வேண்டும்.

சூரியனையே சாட்சிக்கு அழைப்பது

அந்தத் துணை கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. கடிகாரங்கள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. சூரியன் தீர்க்கரேகைக்குக் கட்டுப்பட்டது. பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுற்றுகிறது, ஆக ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். பேஜ் மேற்குத் தீர்க்கரேகை 111½ டிகிரிக்குப் பக்கம். மான்யுமென்ட் வேலி 110 டிகிரிக்குப் பக்கம். வித்தியாசம் ஏறக்குறைய 1⅓ டிகிரி. அட்சரேகை இரண்டுக்கும் 37 டிகிரியை ஒட்டி, கிட்டத்தட்ட ஒன்றுதான். அதாவது பேஜில் சூரியன் உதிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பு மான்யுமென்ட் வேலியில் உதித்துவிடும். கிழக்கே போகப் போக உதயம் முந்த வேண்டும், பிந்தக் கூடாது.

பேஜில் நேற்று எத்தனை மணிக்கு உதித்தது? அம்மா பார்த்தது அவர் கடிகாரத்தில் 7:05. அரிசோனாவுக்கும் இந்தியாவுக்கும் எப்போதும் பன்னிரண்டரை மணி நேரம். அம்மா இதைச் சொல்லும் முறை எளிது: அரை மணி கூட்டு, காலையை மாலையாக்கு. பேஜில் காலை 6:35. மறுநாள் கிழக்கே போகிறோம், ஆகவே அதிலிருந்து ஐந்து நிமிடத்தைக் குறைத்து, ஒரு நாளுக்கு ஒரு நிமிடம் கூட்டிக்கொண்டால் 6:31. நான் குறித்தது 7:31. நிமிடம் அப்படியே, மணி மட்டும் வேறு. இப்படி முழு மணி நேரம் மட்டும் தள்ளி நிற்கும் வித்தியாசம் ஆகாயத்திலிருந்து வருவதில்லை. சட்டப் புத்தகத்திலிருந்து வருவது. இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட இரண்டு நிமிடம் ஆகும். நான் அந்த இரண்டு நிமிடத்தை மூன்று கடிகாரங்களை ஒப்பிடுவதில் செலவழித்தேன்.

வானமும் வழிநெடுகச் சொல்லிக்கொண்டேதான் வந்தது. அந்த அட்சரேகையில் அக்டோபரில் சூரியோதயத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் முன்புதான் இருட்டில் முதல் கலக்கம் தொடங்கும். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்கும்போது அடிவானக் கோடு பிரிந்து தெரியும். 26 நிமிடம் முன்பிலிருந்து விளக்கில்லாமல் நடமாடலாம். படம் பிடிப்பவர்கள் காத்திருப்பது இந்தக் கடைசிப் பகுதிக்காக. உதயம் உண்மையிலேயே 7:31 என்றால் 5:50க்குக் கிழக்கு கன்னங்கரேலென்று இருந்திருக்க வேண்டும். ஆரஞ்சுப் பட்டை இருந்தது. கைகாட்டிப் பலகைகூட இவ்வளவு தெளிவாக இருக்காது.

திட்டமிடும்போது எல்லாவற்றையும் ஒரே கடிகாரத்துக்கு மாற்றி எழுதிவிடுவது இன்னொரு காவல். உலகப் பொது நேரமான யூடிசியில் எழுதலாம்: அரிசோனா எப்போதும் யூடிசிக்கு 7 மணி நேரம் பின்னால்; நவஹோ நிலம் கோடையில் 6, குளிர்காலத்தில் 7. ஆனால் யூடிசியில் யாரும் பல் துலக்குவதில்லை, மனதில் ஒட்டாது. எங்கள் வீட்டுக்கு இந்திய நேரமே போதும். பீனிக்ஸ், பேஜ் என்றால் பன்னிரண்டரை. நவஹோ நிலத்தில் கோடையில் பதினொன்றரை, குளிர்காலத்தில் பன்னிரண்டரை. 7:31க்குப் பதினொன்றரை கூட்டினால் மாலை 7:01. 4:45க்குப் பன்னிரண்டரை கூட்டினால் மாலை 5:15. இடையில் இருப்பது ஒன்றே முக்கால் மணி நேரம். போக வேண்டிய பயணமோ இரண்டு மணி நேரத்துக்கு மேல். எழுதியிருந்தால் பொருத்தமில்லை என்பது தாளிலேயே முறைத்திருக்கும்.

எல்லாவற்றையும் விடச் சுலபமான ஒன்றும் உண்டு. கயென்டா விடுதியில் மறுநாள் இரவுக்கு அறை பதிவு செய்திருந்தேன். முந்தைய மாலையில் அவர்களுக்குத் தொலைபேசி செய்து, “இப்போது அங்கே மணி என்ன?” என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கூச்சம். ஒன்பது வருடமாக அரிசோனாவில் இருப்பவன் பக்கத்து ஊரில் மணி என்ன என்று கேட்பதா?

நவம்பரில் போகிறவர்களுக்கு

இதே பயணத்தை நவம்பர் முதல் வாரம் வைத்துக்கொள்ள நண்பர் ஒருவர் யோசித்தார். அவருக்காக அந்தத் தேதிகளைக் கணக்கிட்டுப் பார்த்தேன். 2024இல் கோடை நேரம் முடிந்தது நவம்பர் 3, ஞாயிறு. மான்யுமென்ட் வேலியில் சனிக்கிழமை உதயம் காலை 7:46 வாக்கில். ஞாயிற்றுக்கிழமை 6:47 வாக்கில். சூரியன் ஒரே இரவில் ஒரு மணி நேரம் முன்னே வரவில்லை. கடிகாரம் பின்னே போனது. சனிக்கிழமை போய்வந்த ஒருவர் சொன்ன நேரத்தை நம்பி ஞாயிற்றுக்கிழமை கிளம்பினால் எங்கள் கதைதான். மார்ச்சில் இதற்கு நேர்மாறு: பழைய நேரத்தை நம்பினால் ஒரு மணி நேரம் குளிரில் நிற்க நேரும். முன்னே சொன்னது போல அது மன்னிக்கக்கூடிய வகை. சூரியோதயத்தில் பிழைகள் இரண்டு பக்கமும் சமமானவை அல்ல. ஐயம் வந்தால் சீக்கிரப் பக்கம் சாய்வதே மேல்.

நேரத்தோடு திசையையும் பார்த்துவிட்டால் நல்லது. இரட்டைக் கையுறை போலக் கட்டைவிரல் நீட்டி நிற்கும் இரண்டு மிட்டன் பாறைகள், அவற்றுக்கு வலப்புறம் மெரிக் குன்று. இந்த மூன்றும் சேர்ந்த காட்சிதான் எல்லோரும் கேட்பது. ஆனால் சூரியன் வருடம் முழுக்க ஒரே இடத்தில் எழுவதில்லை. ஜூனில் நேர் கிழக்கிலிருந்து 30 டிகிரி வடக்கே தள்ளி எழும். டிசம்பரில் 30 டிகிரி தெற்கே. அக்டோபர் நடுவில் 12 டிகிரி தெற்கே, அதாவது மிட்டன்களை விட்டு விலகி வலப்புறமாக. மிட்டன்களுக்கு நடுவே சூரியன் எட்டிப்பார்க்கும் படத்தை மனதில் வைத்துக்கொண்டு நான் அக்டோபரில் போனேன். ஆக, நேரத்துக்கே போயிருந்தாலும் பாதி ஏமாற்றம் காத்திருந்தது என்பது ஒரு சின்ன ஆறுதல். இது நவஹோ மக்கள் நடத்தும் பூங்கா என்பதால் அமெரிக்க தேசியப் பூங்காக்களுக்கான ஆண்டு அனுமதி அட்டை இங்கே செல்லாது. அதையும் அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

மறுநாள்

அன்றிரவு கயென்டாவில் தங்கினோம். அறையில் முதல் வேலையாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு இரண்டு கைபேசிகளிலும் நேர மண்டலத்தை டென்வர் என்று மாற்றினேன். கோடையில் நவஹோ நேரமும் டென்வர் நேரமும் ஒன்று. பிறகு, இந்த முறை வெட்கப்படாமல், அம்மாவிடம் கேட்டேன்: “நாளைக்கு உங்கள் கடிகாரத்தில் எத்தனை மணிக்கு வருவான்?”

“இன்றைக்கு மாதிரிதான். ஏழு, ஏழு இரண்டு.”

19ஆம் தேதி காலை 6:20க்குக் கிளம்பி ஏழு மணிக்கு முன்பே போய்விட்டோம். குளிர் கடுமை. அம்மா புடவைக்கு மேல் என் ஸ்வெட்டரையும் அதற்கு மேல் மருமகளின் சால்வையையும் சுற்றிக்கொண்டு கைப்பிடிச் சுவரருகே நின்றார். முதலில் வானம் பழுத்த கத்தரிப்பூ நிறம், பிறகு அடியில் ஒரு கோடு மஞ்சள். மூன்று குன்றுகளும் கரியால் வரைந்தது போல நின்றன. முந்தைய நாள் காப்பி குடித்துக்கொண்டிருந்த மனிதர் மறுபடியும் அங்கே இருந்தார். எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். 7:32க்கு மெரிக் குன்றுக்கு வலப்புறம் அடிவானத்தில் ஒரு வெள்ளித் துளி உருகி வழிந்தது. குன்றுகளின் நிழல் நீண்டு எங்கள் பக்கம் வந்தது.

அம்மா அக்காவுக்குத் தொலைபேசி போட்டார். தஞ்சாவூரில் விளக்கு ஏற்றி முடித்திருந்த நேரம். “இங்கே இப்போதுதான் விடிகிறது. உன் தம்பிக்கு இன்றைக்குத்தான் விடிந்தது” என்றார். ஒலிபெருக்கியில் இருந்ததை அவர் கவனிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பீனிக்ஸ் திரும்பினோம். என் கைபேசியைத் தானியங்கிக்கு மாற்றினேன், மனைவியுடையதை மறந்துவிட்டேன். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அவள் அலாரம் அடித்தது. எழுந்து குளித்துவிட்டு வந்து மகனை உலுக்கினாள். அவன் ஜன்னலைப் பார்த்துவிட்டுப் போர்வைக்குள் போய்விட்டான். வெளியே கும்மிருட்டு. சமையலறையில் அம்மா மட்டும் விழித்திருந்து காப்பி கலந்துகொண்டிருந்தார்.

“அங்கே இன்னும் மணி ஆறுகூட ஆகவில்லை. உன் அக்கா வங்கியிலிருந்து கிளம்பியிருக்கவே மாட்டாள். நீங்கள் ஏன் இவ்வளவு சீக்கிரம் எழுந்தீர்கள்?” என்று கேட்டார்.